டென்னசி ஆற்றில் ஒரு நாள்: மஞ்சூர்க்காரர்கள் கேட்டவையும் என் பதில்களும்

நீலகிரி மலையில் மஞ்சூர் எங்கள் ஊர். அருகிலுள்ள குந்தா நீர்மின் நிலையங்களில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் இருக்கும் மகன், நண்பர் ஒருவரோடு சேர்ந்து பழைய படகு ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். போன அக்டோபரில் என்னையும் என் மனைவியையும் அதில் ஒரு வாரம் கூட்டிப்போனான். திரும்பி வந்ததிலிருந்து பஸ் ஸ்டாண்ட் டீக்கடையிலும், எடக்காட்டுக் கல்யாணத்திலும், தேயிலைத் தொழிற்சாலை வாசலிலும் ஒரே கேள்விகளாக வருகின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். எல்லா நாளையும் எழுதினால் நீண்டுவிடும் என்பதால், பெரும்பாலும் ஐந்தாம் நாளைப் பற்றியே சொல்கிறேன்.

எந்த ஆறு அது? எங்கிருந்து எங்கே போனீர்கள்?

டென்னசி ஆறு. நாக்ஸ்வில் என்ற ஊரில் இரண்டு ஆறுகள் சேர்ந்து உருவாகி, தென்மேற்கே இறங்கி அலபாமாவைக் கடந்து, பிறகு வடக்கே திரும்பி, பதூக்கா என்ற ஊரில் ஒஹையோ ஆற்றில் கலக்கிறது. மொத்த நீளம் 652 மைல், நம் கணக்கில் சுமார் 1,050 கிலோமீட்டர். நாங்கள் போனது சட்டனூகாவிலிருந்து பிக்விக் அணை வரை, ஏறத்தாழ 410 கிலோமீட்டர். ஐந்தாம் நாள் டெகாட்டர் ஊரிலிருந்து ஃப்ளாரன்ஸ் வரை 49 மைல் ஓட்டினோம். வழியில் வீலர், வில்சன் என்று இரண்டு அணைகள்.

ஊட்டி போட் ஹவுஸில் விடுகிற மாதிரிப் படகா?

இல்லை. 36 அடி நீளம், ஒரே டீசல் இன்ஜின். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு சின்ன அடுப்படி, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி. நம் தேயிலைத் தோட்ட லைன் வீட்டு அறை ஒன்றை நீளமாக இழுத்து ஆற்றில் மிதக்கவிட்டது போல இருக்கும். வேகம் மணிக்கு 13, 14 கிலோமீட்டர்தான். கெத்தை ரோட்டில் 43 கொண்டை ஊசி வளைவையும் ஏறி வருகிற நம் பஸ்கூட இதைவிட வேகமாகப் போகும். ஆனால் அந்த வேகத்தில்தான் கரை கண்ணுக்குத் தெரிகிறது. பருத்திக் காட்டில் அறுவடை நடப்பதையும், பட்ட மரத்தின் உச்சியில் மீன்பருந்து கட்டிய கூட்டையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டே போகலாம்.

காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள்?

எழுந்தது ஐந்தரைக்கு. கிளம்பியது எட்டு மணிக்கு. காரணம் பனிமூட்டம்.

நமக்குப் பனிமூட்டம் புதிதில்லை. கெத்தைப் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறி வந்து மஞ்சூரை மூடும்போது பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது; அதிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு ஜீப் ஓட்டிய பழக்கம் எனக்கு உண்டு. அங்கே மூட்டம் மேலேயிருந்து வருவதில்லை. இரவில் காற்று குளிர்ந்துவிடும், ஆற்று நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். நீரின் மேலிருந்து ஆவி எழுந்து அப்படியே நின்றுவிடும். "விளக்கைப் போட்டு மெதுவாகப் போகலாமே" என்றேன். மகன் ஒத்துக்கொள்ளவில்லை. ரோட்டில் ஓரம் கட்டி நிறுத்தலாம், எதிரே வருகிறவனும் நிறுத்துவான். ஆற்றில் எதிரே வருகிற சரக்குத் தொடர் நினைத்த இடத்தில் நிற்காது என்றான். அவன் சொன்னதுதான் சரி.

காத்திருந்த நேரம் வீணாகவில்லை. இன்ஜின் ஆயில், குளிர்விக்கும் நீர், பெல்ட், டீசல் வடிகட்டியின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, படகின் அடித்தட்டில் கசிவு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஷிப்டு மாறும்போது லாக் புக்கைப் பார்த்து இயந்திரத்தைச் சுற்றி வருவோமே, அதே வேலை. அந்தக் கால் மணி நேரம் எனக்கு என் வேலைக்காலம் திரும்பக் கிடைத்தது போல இருந்தது.

நடு ஆற்றில் வழி எப்படித் தெரியும்?

நீரில் சிவப்பு, பச்சை மிதவைகளை நங்கூரமிட்டு வைத்திருக்கிறார்கள். ஆற்றோட்டத்தோடு இறங்கும்போது சிவப்பு இடது கைப்பக்கம், பச்சை வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். ஏறும்போது இடம் மாறும். இரண்டுக்கும் நடுவே ஆழமான தடம். அதை விட்டு விலகினால் ஏரி போல அகலமாகத் தெரிகிற இடத்திலும் முழங்கால் ஆழத்தில் மண் தட்டும். அணை கட்டியபோது மூழ்கிய பழைய வயல்கள் அவை.

தூரத்தைக் கழிமுகத்திலிருந்து எண்ணுகிறார்கள். பதூக்காவில் பூஜ்ஜியம், டெகாட்டரில் 305, ஃப்ளாரன்ஸில் 256. எண் குறையக் குறைய நாம் ஆற்றோடு இறங்குகிறோம் என்று பொருள். இடக்கரை, வலக்கரை என்பதும் நாம் சொல்வது போலத்தான்: நீர் ஓடும் திசையைப் பார்த்து நின்று சொல்ல வேண்டும்.

பெரிய கப்பல் எதிரே வந்தால்?

கப்பல் வராது, பார்ஜ் தொடர் வரும். மேல்மூடியோடோ திறந்தோ இருக்கும் இரும்புத் தொட்டி ஒவ்வொன்றும் 195 அடி நீளம், 35 அடி அகலம், சுமார் 1,500 டன் சுமக்கும். பத்து டன் லாரி என்றால் ஒரு தொட்டிக்கு 150 லாரி. அப்படிப் பலவற்றைக் கம்பிவடத்தால் ஒன்றாகக் கட்டி, பின்னாலிருந்து ஒரு படகு தள்ளிக்கொண்டு வரும். ஓட்டுபவர் உட்கார்ந்திருப்பது கடைசியில். முன்னால் பல நூறு அடிக்கு நீர் அவர் கண்ணுக்கே தெரியாது. நிறுத்த நினைத்தாலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடித்தான் நிற்கும்.

அதனால் வளைவுக்கு முன்பே ரேடியோவில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். "ஒரு விசில்" என்று பதில் வந்தால் இருவரும் இடப்பக்கம் இடப்பக்கமாகக் கடப்பது. "இரண்டு விசில்" என்றால் வலப்பக்கம். நீராவிக் காலத்தில் உண்மையாகவே விசில் ஊதியிருக்கிறார்கள். இப்போது வாயால் சொல்கிறார்கள். அன்றைக்கு ஒருவர், "ஒரு விசிலில் வாருங்கள், உங்களுக்குப் போதுமான இடம் விட்டிருக்கிறேன்" என்று அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்கு வழிவிடும் நம் டிரைவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

ஆற்றுக்குக் குறுக்கே அணை இருக்கிறதே, படகு எப்படித் தாண்டும்?

எல்லோரும் கேட்ட கேள்வி இது. எனக்கும் இதைச் சொல்லத்தான் ஆசை.

அணையின் ஓரத்தில் லாக் என்று ஒன்று கட்டியிருக்கிறார்கள். பெரிய கான்கிரீட் தொட்டி. வீலர் அணையிலும் வில்சன் அணையிலும் பெரிய லாக் 600 அடி நீளம், 110 அடி அகலம். மேல் நீர்ப்பக்கம் ஒரு கதவு, கீழ் நீர்ப்பக்கம் ஒரு கதவு. இரண்டும் ஒரே நேரத்தில் திறக்காது. தொட்டியில் மேல்மட்டம் வரை நீர் இருக்கும்போது மேல்கதவு திறக்கும், படகு உள்ளே போகும், கதவு மூடும். அடியில் உள்ள மதகைத் திறந்து நீரைக் கீழ் ஆற்றுக்கு விடுவார்கள். நீரோடு சேர்ந்து படகும் இறங்கும். கீழ் ஆற்றின் மட்டம் வந்ததும் கீழ்க்கதவு திறக்கும். பம்பு கிடையாது. ஈர்ப்பு விசை ஒன்றே வேலை செய்கிறது. ஏறிவரும் படகுக்கும் இதே கதைதான், மேலேயிருந்து நீரை விட்டு நிரப்புவார்கள். குன்னூருக்கு ஏறுகிற ரயிலுக்குப் பல்சக்கரம் எப்படியோ, ஆற்றுக்கு லாக் அப்படி.

வீலரில் இறங்கியது சுமார் 48 அடி. வில்சனில் ஏறக்குறைய 93 அடி. ஒன்பது மாடிக் கட்டடம். உள்ளே போகும்போது வெயிலில் இருந்தோம். சுவர் எங்களைச் சுற்றி உயர உயர வெளிச்சம் மேலே ஒரு நீள்சதுரமாகச் சுருங்கியது. ஈரப் பாசி வாசனை, சுவரில் வழிகிற நீரின் சத்தம், காலடியில் மதகுத் திறப்பின் ஆழ்ந்த அதிர்வு. அந்த அதிர்வை நான் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்வேன். வால்வு மெதுவாகத் திறக்கும்போது கால்வழியாக ஏறி வருவது அது. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்படித்தான் நீங்க தினமும் வேலை பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

இதில் படகுக்காரர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதில் கவனம் தப்பக்கூடாது. சுவரிலுள்ள பள்ளத்துக்குள் மிதக்கும் இரும்புத் தூண் இருக்கிறது. நீர் இறங்கும்போது அதுவும் கூடவே இறங்கும். அதில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்திருக்க வேண்டும். முடிச்சுப் போடவே கூடாது. எப்போதாவது தூண் பள்ளத்தில் சிக்கி நின்றுவிட்டால், நீர் மட்டும் இறங்கும். முடிச்சுப் போட்ட படகு கயிற்றில் தொங்கிவிடும். அதற்காகவே பக்கத்தில் ஒரு கத்தியை வைத்திருந்தோம். கயிறு பிடிக்கும் வேலையை மகன் எனக்குக் கொடுத்தான். கண்ணைத் தூணிலிருந்து எடுக்கவில்லை.

லாக்கில் நுழைய எவ்வளவு கட்டணம்?

இல்லை. தனியார் படகுக்கு இலவசம். ராணுவப் பொறியாளர் படைதான் நடத்துகிறது.

இலவசம் என்றதும் எனக்கு மனசு கேட்கவில்லை. இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வில்சன் லாக் ஒரு முறை காலியானால் மேல் ஆற்றிலிருந்து கீழ் ஆற்றுக்குப் போகும் நீர் சுமார் 17 கோடி லிட்டர். அந்த நீர் அதே உயரத்திலிருந்து டர்பைன் வழியாக இறங்கியிருந்தால் சுமார் 12,000 யூனிட் மின்சாரம் கிடைத்திருக்கும். எங்கள் 36 அடிப் படகு ஒன்றை இறக்க அவ்வளவு நீர். ஒரு சொட்டு வீணாகப் போனாலும் விளக்கம் எழுதிக்கொடுத்து வாழ்ந்தவன் நான். அன்று முதல் லாக் வாசலில் எவ்வளவு நேரம் காத்திருக்கச் சொன்னாலும் எனக்கு வருத்தம் வரவில்லை.

காத்திருக்க வேண்டுமா என்ன?

வீலரில் ஒன்றரை மணி நேரம். முன்னுரிமை வரிசை இருக்கிறது: முதலில் அரசின் ராணுவக் கலங்கள், பிறகு பயணிகள் கப்பல், அதன் பிறகு சரக்கு, கடைசியில் எங்களைப் போன்றவர்கள். ஒரு பெரிய சரக்குத் தொடர் ஏறி வந்துகொண்டிருந்தது. தொட்டிக்குள் மொத்தமாகக் கொள்ளாததால் அதை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியை ஏற்றி, பிறகு மறுபாதியை ஏற்றி, மேலே மறுபடியும் கட்டினார்கள். நாங்கள் மேல் நீரில் மெதுவாக வட்டமடித்துக்கொண்டு, எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டு முடித்தோம். அந்தத் தொட்டிகளில் தானியம், உரம், நிலக்கரி என்று ஒரு நாட்டின் வேலை போகிறது. ஊர் பார்க்க வந்தவன் ஓரமாக நிற்பதுதான் முறை.

அந்த அணைகளில் மின்சாரமும் எடுக்கிறார்களா?

எடுக்கிறார்கள். வில்சன் அணையைக் கட்டத் தொடங்கியது 1918, முடித்தது 1924. மசல் ஷோல்ஸ் என்று பாறையும் நுரையுமாக இருந்த நீண்ட வேகநீர்ப் பகுதி அதற்கடியில் மூழ்கிக் கிடக்கிறது. அதற்கு முன் படகுகள் அங்கே தாண்ட முடியாமல் தவித்திருக்கின்றன. 1933இல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் தொடங்கியபோது இந்த அணை அதன் கைக்கு வந்தது. நம் நாட்டில் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948இல் வந்ததே, அதற்கு முன்மாதிரி இந்த ஆணையம்தான். அதே காலத்தில், 1930களின் தொடக்கத்தில், நம் பைக்காராவிலும் மின்சாரம் எடுக்க ஆரம்பித்துவிட்டோம் என்பதை மகனின் நண்பருக்குச் சொன்னேன். அவர் வியந்து போனார். கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தில் கனடா உதவியோடு குந்தா மின் திட்டம் வந்த கதையையும் சொன்னேன்.

வில்சனில் 21 இயந்திரங்கள், வீலரில் 11. நம்முடையதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. நமக்கு உயரம் அதிகம், நீர் குறைவு: அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்களின் நீரைச் சுரங்கத்திலும் பென்ஸ்டாக் குழாயிலும் பல நூறு மீட்டர் இறக்கி ஒரு நிலையம், அதே நீரை மறுபடி இறக்கிக் கெத்தையில் இன்னொரு நிலையம் என்று படிப்படியாகப் பிழிந்தெடுக்கிறோம். அவர்களுக்கு உயரம் குறைவு, நீர் கணக்கில்லை. அணைக்குக் கீழே வந்ததும் இயந்திரங்கள் விடும் நீரின் இழுப்பு படகைத் தள்ளுகிறது. சுக்கானை இறுக்கிப் பிடிக்க வேண்டும். எந்த நேரத்தில் எவ்வளவு நீர் விடுகிறார்கள் என்பதை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். புறப்படும் முன் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் அவலாஞ்சி, எமரால்டிலும் படகு விட்டு ஊர் ஊராகப் போகலாமே?

தம்பி ஒருவர் ஆர்வமாகக் கேட்டார். முடியாது. நம் நீர்த்தேக்கங்களை இணைப்பது ஆறு இல்லை, சுரங்கமும் குழாயும். மின் தேவைக்கேற்ப நீர்மட்டம் ஏறி இறங்கும், கோடையில் கரை நீளத்துக்குச் சேறு நிற்கும். சுற்றிலும் காப்புக்காடு. கீழே பில்லூர் நீர் கோவைக்காரர்களின் குடிநீர். பவானியோ பாறைப் படுகை. நம் மலை நீர் தவழ்ந்து போகிற நீர் இல்லை, விழுகிற நீர். அதன் வேலையை அது நன்றாகவே செய்கிறது. மிதந்து பார்க்க வேண்டுமென்றால் பைக்காரா படகு இல்லம் இருக்கிறது.

சாப்பாடு, கழிப்பறை எல்லாம்?

கேஸ் அடுப்பு இருந்தது. என் மனைவி சாதம், ரசம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் செய்தாள். தேயிலை மட்டும் மஞ்சூரிலிருந்து கொண்டுபோனது. மகன் அதைத்தான் முதலில் கேட்டான். கழிவை ஆற்றில் விடக் கூடாது, சட்டம். படகிலேயே ஒரு தொட்டியில் சேர்த்து, படகுத்துறையில் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள்.

விழுந்துவிட்டால்? பயமாக இல்லையா?

லாக்குக்குள்ளும் அணைக்குக் கீழேயும் எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டாக வேண்டும். நாங்கள் மேல்தளத்துக்குப் போகும்போதெல்லாம் போட்டுக்கொண்டோம். கடல் போல ஆட்டம் கிடையாது. வேகப்படகு ஒன்று பக்கத்தில் கடந்தால் சற்று ஆடும், அவ்வளவுதான். என் மனைவிக்கு மேட்டுப்பாளையம் இறங்கும்போது பஸ்ஸில் வருகிற தலைச்சுற்றல் அங்கே ஒரு நாள்கூட வரவில்லை.

எனக்குப் பயம் வந்தது மிதந்து வரும் மரங்களைப் பார்த்துத்தான். மழைக்குப் பிறகு பெரிய அடிமரங்கள் நீருக்குள் முக்கால் பாகம் மூழ்கி வரும். ஓட்டுகிறவரைத் தவிர இன்னொருவர் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இரவிலும் ஓட்டுவீர்களா?

மாட்டோம். சாயங்காலம் ஐந்தேகாலுக்கு ஃப்ளாரன்ஸ் துறையில் கட்டிவிட்டோம். ஆறு மணிக்கு மேல் சூரியன் இறங்கியது. இருட்டில் மிதவை தெரியும், மரம் தெரியாது.

ஆற்றின் தெற்கே, எதிர்ப்பக்கம், டஸ்கம்பியா என்று ஒரு சின்ன ஊர். ஹெலன் கெல்லர் 1880இல் பிறந்த ஊர் அது. பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம்: பார்வையும் செவியும் இழந்த குழந்தையின் ஒரு கையில் பம்புத் தண்ணீரை விழவைத்து, மறு கையில் "தண்ணீர்" என்று ஆசிரியை ஆன் சல்லிவன் எழுதிக் காட்டிய கதை. அது நடந்தது 1887. ஆசிரியையின் பெயரைக் கேட்டதும் ஊட்டியை நிறுவிய ஜான் சல்லிவன்தான் என் நினைவுக்கு வந்தார். பெயர் ஒன்றைத் தவிர இருவருக்கும் தொடர்பில்லை. அங்கே ஒரு நாள் கூடுதலாகத் தங்கி அந்த வீட்டைப் பார்த்தோம். பின்புறத்தில் பம்பு இருக்கிறது. சாதாரண இரும்புக் கைப்பம்பு. அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

செலவு எவ்வளவு? உரிமம் வேண்டுமா?

டீசல் மணிக்கு எட்டு லிட்டர் அளவுக்குப் பிடித்தது. இரவில் கட்டும் துறைகளில் படகின் நீளத்தை அடிக்கணக்கில் பார்த்து வாடகை வாங்குகிறார்கள். கரை மின்சாரம் அதிலேயே கிடைத்தது. படகு ஓட்ட அலபாமாவில் உரிமம் வேண்டும். மகனிடமும் நண்பரிடமும் இருந்தது. நான் சுக்கானைப் பிடித்தது அகலமான நீரில், அவர்கள் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்.

வயதானவர்கள் போகலாமா? என்ன எடுத்துப்போக வேண்டும்?

துறையிலிருந்து படகுக்குக் கால் எடுத்து வைக்கிற அந்த ஓரடி இடைவெளியும், மேல்தளத்துக்குப் போகும் செங்குத்தான ஏணியும்தான் சிரமம். முட்டி வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்திலேயே இருக்கலாம், ஜன்னல் பெரியது. மாத்திரைகளை முழு நாள்களுக்கும் எண்ணி எடுத்துப்போங்கள். ஆற்றங்கரையில் மருந்துக்கடை இருக்காது. நம் ஊர் ஸ்வெட்டரும் குல்லாவும் அக்டோபர் காலைக்குப் போதும், மதியம் கழற்றிவிடலாம். ரப்பர் அடி உள்ள செருப்பு வேண்டும். கயிறு பிடிக்கப்போகிறவர் கெட்டியான கையுறை ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கொடுத்தது மகனின் அளவு, விரல் நுனியில் தொளதொளவென்று இருந்தது.